புதுக் குழு போடுமுன் பழைய அறிக்கையைத் தூசி தட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிவில் வழக்குகள் தலைமுறை தாண்டி இழுபடுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். எழுதியவர் விவரம் தெரிந்தவர். பெரிய, சிக்கலான வழக்குகளை எப்படி நடத்துவது என்று முறை வகுக்க நீதிபதிகள், மூத்த வக்கீல்கள், சட்டப் பேராசிரியர்கள் அடங்கிய நிபுணர் குழு ஒன்றை அமைக்க வேண்டும் என்று முடித்திருந்தார். நான் 38 வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். சட்டம் படித்ததில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங் லோயர் கிரேடும்தான் என் படிப்பு. ஆனால் ஒரு வழக்கு எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பது கேஸ் கட்டைச் சுமந்தவனுக்குத் தெரியும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு. 1994-ல் தாக்கலானது. நாங்கள் பிரதிவாதிகளில் சிலருக்கு ஆஜர். பிராது போட்ட அன்று வாதி ஒருவர், பிரதிவாதிகள் 14 பேர். நான் 2019-ல் வேலையை விட்டபோது பிரதிவாதிகள் 43. புதிதாக யாரும் பங்கு கேட்டு வந்துவிடவில்லை. இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் காலமானார்கள், அவரவர் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். அவ்வளவுதான்.

இதில் வெளியே தெரியாத சங்கதி ஒன்று உண்டு. பிரதிவாதி ஒருவர் இறந்துவிட்டால் 90 நாளைக்குள் அவருடைய வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும். தவறினால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அபேட் ஆகிவிடும், அதாவது அற்றுப்போகும். அதை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட அடுத்து 60 நாள். அதுவும் தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி லிமிடேஷன் சட்டம் (காலவரையறைச் சட்டம்) 5-வது பிரிவில் இன்னொரு மனு. ஆக, ஒரு சாவுக்கு மூன்று மனு. மூன்றிலும் எதிர்மனுதாரர்களுக்கு நோட்டீஸ், அதைக் கொண்டுபோகக் கோர்ட்டில் கட்டும் பேட்டா, சேராமல் திரும்பும் ரிட்டர்ன். கோர்ட்டு அமீனா போய்ப் பார்த்துவிட்டு ‘வீடு பூட்டியிருக்கிறது’ என்று எழுதிக்கொண்டு வருவார். மறுபடி பேட்டா. இது முடிவதற்குள் இன்னொருவர் போய்ச் சேர்ந்திருப்பார். 25 வருஷத்தில் அந்த வழக்கில் ஏழு தடவை இது நடந்தது. ஏழில் இரண்டு சாவுதான் 90 நாளைக்குள் வாதி தரப்புக்குத் தெரிந்தது. எங்கள் கட்சிக்காரர் வீட்டுச் சாவு எங்களுக்கு மறுநாளே தெரிந்துவிடும். கட்சிக்காரர் இறந்தால் அவருடைய வக்கீல் கோர்ட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 22, விதி 10-ஏ சொல்கிறது. யார் சொன்னார்கள்? நாங்களும் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், வழக்கு இழுத்தால் லாபம் என்று இருக்கிற கட்சிக்காரருக்காகப் பேட்டா கட்ட ‘மறந்துபோவதும்’ எங்கள் தொழிலில் ஒரு வித்தைதான். நான் அந்த வித்தை தெரிந்தவன்.

அப்புறம் ஆவணம். அந்தக் குடும்பத்துக்கு ஒரு மூலப்பத்திரம். தாத்தா காலத்து ரிஜிஸ்டர் பத்திரம். அதை வாதி தரப்பு வா.சா.ஆ.4 (வாதி தரப்புச் சான்றாவணம் 4) என்று குறியீடு செய்தது. முதல் பிரதிவாதி அதன் சர்டிஃபைடு காப்பியை பி.சா.ஆ.2 என்று போட்டார். எங்கள் தரப்பில் நாங்கள் பி.சா.ஆ.19 என்று ஒரு ஜெராக்ஸைப் போட்டோம், அதில் சொத்து விவரம் இருக்கிற கடைசிப் பக்கத்தின் பின்புறம் விட்டுப்போயிருந்தது. எடுத்தவன் நான்தான்.

வாதியைக் குறுக்கு விசாரணை செய்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். கூண்டில் எழுபது வயசுக்காரர். எங்கள் வக்கீல் ‘பத்திரத்தின் ஆறாவது பக்கத்தைப் பாருங்கள்’ என்றார். பெஞ்ச் கிளார்க் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி வா.சா.ஆ.4-ன் ஆறாவது பக்கத்தை நீட்டினார். அதில் அந்த வரி இல்லை. எங்களிடம் இருந்தது தட்டச்சுப் படியின் ஜெராக்ஸ், அசலோ கையெழுத்துப் படி, பக்கம் எப்படிப் பொருந்தும்? வாதியின் வக்கீல் எழுந்து ‘இல்லாததை இருக்கிறது என்கிறார்’ என்றார். முதல் பிரதிவாதியின் வக்கீல் தன் காப்பியில் நாலாவது பக்கத்தில் அந்த வரி இருப்பதாகக் காட்டினார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்று தாளையும் மாறி மாறிப் பார்த்தார். மத்தியான இடைவேளை வந்துவிட்டது. நீதிபதி வழக்கை மூன்று வாரம் தள்ளிவைத்தார். அந்த மூன்று வாரம் நான்கு மாதமானது.

அந்தப் பத்திரத்தை மறுத்தவர் யாருமில்லை ஐயா. எல்லாத் தரப்பும் அதை வைத்துத்தான் பங்கு கேட்டது. சண்டை அதில் உள்ள இரண்டு சர்வே எண்ணைப் பற்றி மட்டும். முதல் நாளே உட்கார்ந்து ‘இது பொது ஆவணம், இதுதான் நம்பர், இதுதான் பக்கம்’ என்று முடித்திருந்தால் அரை மணி நேரம். ஆனால் அப்படி உட்கார ஒரு நாள் என்று எங்கள் கோர்ட்டு டைரியில் எதுவும் கிடையாது.

இந்த விஷயத்தை என் பேத்தியிடம் சொன்னபோது சிரித்தாள். அவள் சட்டம் முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். அமெரிக்காவில் நடக்கிற கம்பெனி வழக்குகளின் ஈமெயில்களை இங்கே உட்கார்ந்து படித்து, எது வழக்குக்குச் சம்பந்தப்பட்டது, எது வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியம் என்று பிரிப்பது வேலை. “தாத்தா, நீங்க கட்டு கட்டினீங்க, நான் கம்ப்யூட்டர்ல கட்டு கட்டுறேன்” என்பாள். ஒரே ஈமெயில் நாற்பது பேருடைய பெட்டியில் இருந்தால் அதை ஒரு தடவைதான் எண்ணுவார்களாம். மூலப்பத்திரத்துக்கு மூன்று நம்பர் என்ற கதையே அங்கே எழாது. எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, யார் யாருடைய பெட்டி என்று இரண்டு தரப்பு வக்கீல்களும் ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொள்கிறார்களாம்.

அவர்கள் மட்டும் எப்படி நல்லவர்களானார்கள் என்று கேட்டேன். ஆகவில்லையாம். அங்கேயும் ஆவணம் கேட்பதிலும் கொடுக்காமல் ஒளிப்பதிலும் வழக்கையே மூழ்கடிக்கிற சண்டை நடந்திருக்கிறது. அரிசோனா மாநிலத்தில் செடோனா என்ற ஊரின் பெயரில் 1997-ல் ஓர் அமைப்பு தொடங்கியது. வாதிக்கு ஆஜராகிறவர்கள், பிரதிவாதிக்கு ஆஜராகிறவர்கள், நீதிபதிகள், கம்ப்யூட்டர் விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். மின்னணு ஆவணங்களை வழக்கில் எப்படிக் கையாளுவது என்று 2004-ல் ஒரு கோட்பாட்டுத் தொகுப்பு கொண்டுவந்தார்கள். அது சட்டம் இல்லை, யாரையும் கட்டாது. ஆனால் நீதிபதிகள் தீர்ப்பில் எடுத்துக்காட்டத் தொடங்கினார்கள். 2008-ல், ஆவணம் தேடுகிற கட்டத்திலாவது இரு தரப்பும் ஒத்துழைக்க வேண்டும் என்று ஓர் அறிக்கை விட்டார்கள், நீதிபதிகள் பலர் அதை ஆதரித்துப் பெயர் கொடுத்தார்கள். 2015 டிசம்பரில் அந்நாட்டு விதியைத் திருத்தியபோது, கேட்கிற ஆவணம் வழக்கின் அளவுக்குத் தக்கதாக இருக்க வேண்டும் என்பதை விதியின் வாசலிலேயே கொண்டுவந்து வைத்தார்கள். அந்தத் தொகுப்பும் சும்மா இருக்கவில்லை, மூன்றாம் பதிப்பு வரை மாறியிருக்கிறது.

இதைக் கேட்டதும் கட்டுரையாளர் சொன்னது போல நாமும் ஒரு குழு போடலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் குழு நம்மிடம் இருந்தது. அதற்குக் காரணமே நம் சேலத்து வக்கீல்கள்தான்.

சிவில் நடைமுறைச் சட்டத்துக்கு 1999-லும் 2002-லும் பெரிய திருத்தம் வந்தது நினைவிருக்கும். 2002 ஜூலை 1 முதல் அமல். எதிருரைக்கு, அதாவது பிரதிவாதி தரும் பதிலுக்குக் கெடு, வாய்தா மூன்றுக்கு மேல் கூடாது, சாட்சியின் முதல் விசாரணை பிரமாண வாக்குமூலமாக என்று பல மாற்றம். சேலம் வழக்கறிஞர் சங்கம் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. திருத்தம் செல்லும் என்று 2002 அக்டோபரில் சொன்ன நீதிமன்றம், அதை நடைமுறைப்படுத்துவதில் உள்ள சிக்கலை ஆராய நீதிபதி எம். ஜெகந்நாத ராவ் தலைமையில் ஒரு குழுவுக்கு வழி செய்தது. அந்தக் குழு சமரச முறைகளுக்கு மாதிரி விதிகளும், வழக்கை நிர்வகிப்பதற்கு மாதிரி விதிகளும் எழுதிக் கொடுத்தது. 2005 ஆகஸ்ட் 2-ஆம் தேதி தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அவற்றை உயர் நீதிமன்றங்களின் பரிசீலனைக்கு அனுப்பியது.

அந்த மாதிரி விதியில் வழக்குகளை நான்கு தடமாகப் பிரித்திருந்தார்கள். பாகப்பிரிவினை மூன்றாவது தடம். 24 மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று இலக்கு. எங்கள் வழக்குக்கு அப்போது வயது 11. நான் வேலை பார்த்த கோர்ட்டில் ஒரு வழக்கைத் தடம் பிரித்து நடத்தி நான் கண்டதில்லை. அந்த அறிக்கையை நான் முதன்முதலில் முழுதாகப் படித்ததே ஓய்வு பெற்ற பிறகு, பேத்தி தாளில் எடுத்துக் கொடுத்துத்தான்.

நிபுணர்கள் எழுதினால் பிழையே வராது என்றும் நினைக்க வேண்டாம். அதே திருத்தத்தில் வந்த, சமரசத்துக்கு அனுப்புவது பற்றிய 89-வது பிரிவில் ‘மீடியேஷன்’ என்பதற்கும் ‘ஜுடிஷியல் செட்டில்மென்ட்’ என்பதற்கும் விளக்கத்தை இடம் மாற்றி அச்சடித்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2010-ல் ஆஃப்கான்ஸ் வழக்கில் அதைச் சுட்டிக்காட்டி மாற்றிப் படிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. எட்டு வருஷம்! ஒரு ஜெராக்ஸில் பின்பக்கம் விட்ட எனக்கு அதைப் படித்தபோது சற்று ஆறுதலாக இருந்தது.

சரி, இதெல்லாம் பழைய கதை. என் குறை இனிமேல்தான். 2015 ஜனவரியில் சட்ட ஆணையம் தன் 253-வது அறிக்கையைக் கொடுத்தது, அதே வருஷம் வணிக நீதிமன்றச் சட்டம் வந்தது. அதில் நான் மேலே கேட்டது எல்லாம் இருக்கிறது. பிராதோடு எல்லா ஆவணத்தையும் போட வேண்டும், தனக்கு எதிரான ஆவணமாக இருந்தாலும். எதிர்த் தரப்பு ஆவணத்தைப் பார்வையிட்டபின் 15 நாளில் எதை ஒப்புக்கொள்கிறோம், எதை மறுக்கிறோம் என்று வரிசைப்படி எழுதித் தர வேண்டும். காரணமில்லாமல் மறுத்தால் செலவுத்தொகை போடலாம். அப்படி எழுதித் தரும் பிரமாண வாக்குமூலங்கள் வந்த நான்கு வாரத்துக்குள் நீதிபதி முன்பு வழக்கு நிர்வாக விசாரணை, அதாவது கட்டளை 15-ஏ. அங்கே என்னென்ன பிரச்சினை, யார் யார் சாட்சி, எந்தத் தேதியில் என்று மொத்தக் காலண்டரும் போட்டுவிட வேண்டும். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் வாதம் முடிய வேண்டும். எதிருரைக்கு 120 நாள் உச்சவரம்பு, அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது.

அருமையான ஏற்பாடு. யாருக்கு? வணிகத் தகராறுக்கு மட்டும். முதலில் ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட வழக்கு என்று இருந்ததை 2018-ல் 3 லட்சமாகக் குறைத்தார்கள். ஆகவே 4 லட்ச ரூபாய் சரக்குக்குப் பணம் வரவில்லை என்று வியாபாரி போடுகிற வழக்குக்கு, இரண்டு தரப்பும் ஒரு கை விரலில் அடங்கிவிடும் வழக்குக்கு, நீதிபதி முன் உட்கார்ந்து காலண்டர் போடும் நாள் உண்டு. 43 பிரதிவாதி, பதினொரு அயிட்டம் சொத்து, ஏழு சாவு என்று கிடக்கிற குடும்ப வழக்குக்குக் கிடையாது. எது சிக்கலான வழக்கு, நீங்களே சொல்லுங்கள். வணிகக் கோர்ட்டிலும் வாய்தா இல்லாமல் இல்லை, பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே நீதிபதி கேள்வி கேட்க ஒரு பிடி இருக்கிறது. இங்கே ‘வாரிசு மனு நிலுவை’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டை எடுப்பதைத் தவிர அவருக்கும் வழியில்லை.

பாகப்பிரிவினையை எளிய வழக்கு என்று ஒதுக்குகிறவர்கள் பங்கு விகிதம் போட்டுப் பார்க்கட்டும். 1989-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டுத் திருத்தம் வந்தது, அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அதில் உரிமை இல்லை. 2005-ல் மத்தியத் திருத்தம் அந்தப் பெண்களுக்கும் வழி திறந்தது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகம் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா தீர்ப்பில்தான் தீர்ந்தது. எங்கள் வழக்கில் முதல்நிலைத் தீர்ப்பாணை, அதாவது யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்வது, 2003-ல். அதன்பிறகு மூன்று அக்காமார் பங்கை மாற்றக் கேட்டு மனுப் போட்டார்கள், நியாயமான மனு. ஆனால் பங்கு 1/5-லிருந்து 1/8 ஆகும்போது அதற்குள் இறந்தவர்களின் வாரிசுப் பங்கு எல்லாம் மறுபடி வகுபட வேண்டும். கடைசியில் நான் பார்த்த கணக்கில் ஒருவருக்கு 1/192 பங்கு. சர்வேயர் அதை எப்படி அளப்பார்?

முதல்நிலைத் தீர்ப்பாணை வந்தபின், சொத்தைப் பிரித்துக் கொடுக்கிற இறுதித் தீர்ப்பாணைக்குத் தனி மனுவுக்காகக் காத்திருக்காமல் கோர்ட்டே தொடர வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் சொல்லியிருக்கிறது. நல்லது. தொடர்வதற்கு யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமே.

ஆகவே நான் கேட்பது, புதிதாக எதையும் எழுத வேண்டாம். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் கட்சிக்காரர்கள் உள்ள எந்தச் சிவில் வழக்குக்கும், சொத்து வழக்கானாலும் சரி, கட்டளை 15-ஏ போன்ற ஒரு நாளைக் கொடுங்கள். எதிருரைகள் வந்தவுடன் அந்த நாள். அன்று மேஜை மேல் வர வேண்டியது வம்சாவளி, எல்லாத் தரப்பும் கையெழுத்துப் போட்டது. கூடவே ஒரே நம்பர் போட்ட பொது ஆவணத் தொகுப்பு. ஒவ்வொரு தரப்பும் ஒரு தொடர்பு எண்ணும் மாற்று ஆளும் கொடுத்து, வீட்டில் சாவு நேர்ந்தால் முப்பது நாளில் தாமே சொல்ல வேண்டும், சொல்லாதவர் செலவு கட்ட வேண்டும். மீதி எல்லாம் அப்புறம்.

இதை வக்கீல்களின் நல்லெண்ணத்துக்கு விட்டால் நடக்காது. அமெரிக்காவில் அறிக்கை விட்டு ஒத்துழைக்கச் சொன்னார்கள். இங்கே எங்கள் வக்கீல் வராந்தாவில் எதிர்த்தரப்பு வக்கீலோடு சிரித்துப் பேசினாலே கட்சிக்காரர் என்னிடம் வந்து ‘விலை போயிட்டாரா?’ என்று கேட்பார். எதிரியின் ஆவணத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் அன்றே வக்காலத்தை மாற்றிவிடுவார். கோர்ட்டு உத்தரவு என்றால் வக்கீலுக்கும் அது ஒரு பாதுகாப்பு. ‘என்ன செய்வது, ஜட்ஜ் கேட்கிறார்’ என்று சொல்லிவிடலாம்.

மீறி ஒரு குழு போட்டே ஆக வேண்டும் என்றால் அதில் ஒரு பெஞ்ச் கிளார்க்கையும், ஓர் அமீனாவையும், ஒரு தாலுகா சர்வேயரையும் சேருங்கள். குமாஸ்தாவைச் சேர்த்தால் சந்தோஷம். நோட்டீஸ் ஏன் திரும்பி வருகிறது என்பதை ஓய்வுபெற்ற நீதிபதியைவிட அமீனா சரியாகச் சொல்வார்.

இன்னொன்றையும் சொல்லி நிறுத்துகிறேன். அந்த வழக்கின் கட்டு எங்கள் ஆபீஸில் ஐந்து இருந்தது. முதல் கட்டின் மேலே, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், நானே ஒரு வம்சாவளி போட்டு வைத்திருந்தேன். இறந்தவர் பெயருக்குச் சிவப்பு மசி, தேதி, வாரிசு மனு நம்பர், யாருக்கு யார் வக்கீல். ஓரத்தில் மூன்று தரப்பு ஆவண நம்பரும் பக்கமும் எதிரெதிரே. எதிர்த்தரப்புக் குமாஸ்தா ஒரு நாள் கேட்டு வாங்கிக் காப்பி எடுத்துக்கொண்டார். பிறகு எல்லா ஜூனியர்களிடமும் அது இருந்தது. ஒரு நீதிபதி ஒரு தடவை ‘அது என்ன தாள்?’ என்று கேட்டு வாங்கி, இருபது நிமிஷம் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே கேள்வி கேட்டார். அன்று ஒரே நாளில் இரண்டு சாட்சி முடிந்தது. ‘இதை ஃபைலில் சேர்க்க வழியில்லையே’ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தாள் இப்போதும் அந்தக் கட்டின் மேல்தான் இருக்கிறதாம், போன மாதம் ஜூனியர் ஒருவர் சொன்னார். சிவப்பு மசிப் பெயர் 2019-ஓடு நிற்கிறது. அதன்பிறகு போனவர்களை யாரும் எழுதவில்லை.

நடந்துகொண்டிருக்கிற வழக்கு என்பதால் என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா